ஒத்தவிரல் அண்ணனும் நாலு தவிலும்

மதுரையில் அந்த நாளில் நடந்த கல்யாணங்களில் பாதி, ஜாதகம் பொருந்தியதால் நிலைத்தவை அல்ல. மேளத் தரகர் ஒத்தவிரல் அண்ணன் மேளம் பேசிவிட்டதால் நிலைத்தவை. மீதிப் பாதிக்கு அவர் மேளம் பேசவில்லை. அவை எப்படி நிலைத்தன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒத்தவிரல் என்றதும் மற்ற ஒன்பதும் இல்லாதவர் போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் பரிதாபத்தோடு வருவார்கள். அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்ததும் ஏமாந்துபோவார்கள். பத்தும் பத்திரமாக இருந்தன. வலது கை ஆட்காட்டி விரலுக்கு மட்டும் தனி உத்தியோகம். கல்யாணப் பந்தலில் அந்த விரல் உயர்ந்தால், மேளக்காரர்கள் எந்த ராகத்தின் எந்த வளைவில் இருந்தாலும் அதை அங்கேயே போட்டுவிட்டுக் கெட்டிமேளம் கொட்டியாக வேண்டும். அவர் மேளம் பேசும்போது போடுகிற ஒரே நிபந்தனை அதுதான்.

தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒரு தும்மலோ அபசகுனமான சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது. அண்ணனுக்கு இதில் ஒரு ஆட்சேபம் உண்டு.

"தாலி கட்டுற அந்த ஒரு நிமிசத்துலதான் மனுசன் அபசகுனமாப் பேசுறானா மாப்ள? மாப்பிள்ளை அழைப்புல ஆரம்பிச்சு, மறுநாள் கட்டுச்சோறு கட்டி வண்டி ஏத்துற வரைக்கும் பேசுறான்ல? அம்புட்டுக்கும் யாரு கொட்டுறது?"

இதுதான் அவருடைய சங்கீத சாஸ்திரம் முழுவதும். தோடிக்கும் தொட்டில் கிறீச்சிடும் சத்தத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. சிம்மக்கல் சோடாக்கடை பெஞ்சில், தலையில் ஈரத் துண்டும் இரண்டு காதிலும் விளக்கெண்ணெயில் நனைத்த பஞ்சுமாக உட்கார்ந்திருப்பார். ஊருக்கெல்லாம் நாயனமும் தவிலும் ஏற்பாடு செய்கிறவர் காதில் பஞ்சா என்று கேட்டால், "மேளம்ங்கிறது துணியில்லாத திரை. திரையை யாராச்சும் உத்துப் பாப்பாகளா?" என்பார்.

மற்றத் தரகர்கள் கல்யாண வீட்டுக்கு வந்ததும், எந்த வித்துவான் வேண்டும் என்று கேட்பார்கள். இவர் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டு விசாரணையைத் தொடங்குவார்.

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் எத்தனை பேரு?"

"மூணு பேருண்ணே."

"அதுல பேச்சுவார்த்தை இல்லாத மாமன் யாரு?"

"மூணு பேருமே ஒருத்தருக்கொருத்தர் பேசுறதில்ல."

"மூணு பேரும் வாராகளா?"

"வாராக."

"அப்பச் சரி. ஒரு தவில் கூடப் போட்டுக்கங்க."

பருவத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். தை மாதக் கல்யாணத்துக்கு ஒரு தவில் போதும். குளிரில் சம்பந்திகள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சித்திரை வைகாசி என்றால் ஒன்று போதாது. "வெயில் ஏற ஏற மனுசனுக்கும் தவில் தோலுக்கும் ஒரே மாதிரி முறுக்கு ஏறும். அந்த முறுக்குக்கு இந்த முறுக்குதான் சரி" என்பார்.

அந்த விரலுக்கு ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. முனிசிபல் குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தை இடித்துக்கொண்டால், போகிற வழியில் இவர் விரல் தானாக உயர்ந்துவிடும். உயர்த்திய பிறகுதான் தவில் இல்லாதது நினைவுக்கு வரும். சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு, தலைத் துண்டைச் சரிசெய்வதுபோல் கையை இறக்கிக்கொள்வார்.

தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டுக் கல்யாணத்தை இன்றும் அந்த வீட்டுப் பேரன்மார்கள் சொல்கிறார்கள். காலைப் பலகாரத்தில் மாப்பிள்ளையின் அத்தைக்கு வடை வரவில்லை. அந்த அம்மாள் வாயைத் திறந்தாள், விரல் உயர்ந்தது, கெட்டிமேளம். பந்தலில் இருந்த கூட்டம் முகூர்த்தம் வந்துவிட்டது என்று நினைத்து அட்சதையைத் தூவியது. மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியை எடுத்தான். புரோகிதர் பிடுங்கி வைத்தார். அத்தைக்கு வடை வந்தது, சட்னி வரவில்லை. மறுபடி கெட்டிமேளம், மறுபடி அட்சதை, மறுபடி தாலி. இப்படியே போய், கடைசியில் புரோகிதர் தாலியைத் தம் மடியில் முடிந்துகொண்டார். உண்மையான முகூர்த்தம் வந்தபோது தாலி இருந்தது, அட்சதை இல்லை. சமையல்கட்டிலிருந்து உலைக்கு வைத்திருந்த அரிசியைக் கொண்டுவந்து தூவினார்கள். அது ஊறிய அரிசி. தம்பதிகள் மேல் ஒட்டிக்கொண்டது. ஆனால் வடைச் சண்டையில் யார் என்ன சொன்னார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. அந்தத் தம்பதிக்கு எட்டுப் பிள்ளைகள்.

ரசிகர்கள் வீட்டுக்கு மட்டும் அவர் மேளம் பேசமாட்டார். பெரிய வக்கீல் ஒருவர் கூப்பிட்டு அனுப்பியபோது, "அவுக வீட்ல எல்லாரும் மேளத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருவாகளே, அப்புறம் எப்படி?" என்று மறுத்துவிட்டார். வக்கீல் தாமே போய் ஒரு பெரிய வித்துவானை அழைத்துவந்தார். வித்துவான் ஆலாபனை தொடங்கி, நாதத்தை இழையாக இறக்கி, பந்தல் முழுவதும் மூச்சைப் பிடித்திருந்த நேரத்தில், வக்கீலின் அண்ணன் பக்கத்தில் இருந்தவரிடம், "பொண்ணு படத்துல பார்த்த மாதிரி இல்லையே" என்றார். சமையல்கட்டுவரை கேட்டது. சம்பந்தி வீட்டார் அன்று சாப்பிடாமலே வண்டி ஏறினார்கள். சோடாக்கடையில் இந்தச் செய்தி வந்தபோது அண்ணன் பஞ்சை எடுத்து வைத்துவிட்டு இரண்டு முறை கேட்டார். அவர் ரசித்துக் கேட்ட ஒரே கச்சேரி அதுதான்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

என் அப்பா பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்குக் கோமதி என்று ஒரே தங்கை. யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அவளுக்கு ஒரு சம்பந்தம் நிச்சயமாக இருந்து, முறிந்துபோனது. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் சித்தப்பா அப்பாவைப் பார்த்து விரலைச் சொடுக்கி, "வாத்தியாரே, அந்த விசிறியை எடுங்க" என்றார். அப்பா எடுக்கப் போனார். காலேஜில் படித்துக்கொண்டிருந்த நான் நடுக்கூடத்தில் நின்று, "மாட்டுச் சந்தைக்குப் போகவேண்டியவர்கள் வழி தவறி வந்துவிட்டார்கள்" என்று சொன்னேன். தாம்பூலத் தட்டுகள் வந்த வழியே திரும்பின. நான் ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்தப் பையனைக் கோமதிக்குப் பிடித்திருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதே சரி. நிச்சயத்துக்கு எடுத்த சேலையை அவள் பிறகு உடுத்தவே இல்லை.

மறு வருஷம் திருமங்கலத்திலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்தது. பையன் பஞ்சுக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவன், அமைதியானவன். வைகாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். "இதுவும் நின்னுபோச்சுன்னா இனி இந்தச் சந்துக்குள்ள ஒருத்தனும் பொண்ணு கேட்டு நுழைய மாட்டான்" என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. நான்தான் எதிரில் இருந்தேன்.

அப்பா ஒத்தவிரல் அண்ணனை அழைத்துவரச் செய்தார். அண்ணன் மோர் குடித்தார்.

"இந்த வீட்ல பேசுறவுக யாரு?"

எல்லோரும் சொக்கத்தாய் அத்தையைப் பார்த்தோம். அத்தை அப்பாவுக்கு அக்கா. "நான்தாப்பா" என்றாள், சபையில் மாலை வாங்கிக்கொள்கிறவள்போல.

"எங்க ஆத்தா, ஒரு சத்தம் போடுங்க பாப்போம்."

"அடியேய்! பாலு பொங்குதுடீ!"

பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீரிட்டது. எதிர்வீட்டில் யாரோ உண்மையாகவே அடுப்பங்கரைக்கு ஓடினார்கள்.

"இம்புட்டுத்தானா? இதுக்கு ரெண்டு தவில் போதும்" என்றார் அண்ணன். அத்தையின் முகம் விழுந்துவிட்டது. பிறகு, மூலையில் புத்தகமும் கையுமாக இருந்த என்னைப் பார்த்தார். "தம்பி யாரு?"

"மகன். காலேஜ்ல படிக்கிறான்" என்றார் அப்பா.

"பேசாமயே இருக்காகளே?"

"சத்தம் போடுகிறவர்களுக்கு மதிப்பெண் போடுகிற இடத்தில் எனக்கென்ன பேச்சு?" என்றேன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் வலது காதுப் பஞ்சை எடுத்தார். "என்ன சொன்னீக?"

திரும்பச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பஞ்சைத் திரும்பச் செருகிக்கொண்டார்.

"நாலு தவில் வேணும் வாத்தியாரய்யா."

"அக்கா சத்தத்துக்கு ரெண்டு போதும்னீங்களே?"

"வைகாசி வெயிலாச்சே. இருக்கட்டும்."

அந்த முகூர்த்த நாளில் ஊரில் பாதிப் பேர் கல்யாணம் வைத்திருந்தார்கள். பேர் சொல்லும்படியான மேளம் எல்லாம் முன்பே பேசியாகிவிட்டது. நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு செட்டு இருப்பதாக அண்ணன் சொன்னார். என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் போனார். எனக்கு இஷ்டமில்லை. வெள்ளைச் சட்டை போட்டு வரிசையாக நின்று வாசிக்கிற பேண்டு செட்டு வைக்கவேண்டும் என்பது என் கட்சி. வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் பஞ்சை எடுக்கவே இல்லை.

அங்கே ஒரு புளியமரத்தடியில் தவில்காரர்கள் உட்கார்ந்தார்கள். அண்ணன் என்னை எதிர்ப்பக்கம் கிணற்று மேட்டில் நிற்கச் சொன்னார்.

"தம்பி, அங்க நின்னு ஏதாச்சும் சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"கோவமாச் சொல்ற மாதிரி எதாச்சும்."

காலேஜில் மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் பிரசங்கம் ஒன்றைக் கையை ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு தவில் முழங்கின. அண்ணன் பஞ்சை எடுத்துவிட்டுக் காதைச் சாய்த்தார். "கேக்குது" என்று உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது தவில் சேர்ந்தது. "இன்னும் லேசாக் கேக்குது." நான்காவது தவில்காரர், மரத்தில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துத் தள்ளிக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான்கும் சேர்ந்து விழுந்தபோது என் வாய் அசைவது எனக்கே தெரிந்தது. குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணன் முகம் மலர்ந்தது. வெற்றிலை பாக்கை எடுத்துக் கொடுத்துப் பேசி முடித்தார்.

திரும்பும்போது கேட்டேன். "அண்ணே, நாயனக்காரர் எப்படி வாசிப்பார்னு கேக்கவே இல்லையே?"

"இருக்காரு தம்பி" என்றார்.

இருந்தார். அதற்குமேல் சொல்வதற்கில்லை. கல்யாணத்தன்று காலை அவர் நாயனத்தை உதட்டில் வைத்ததும், எங்கள் சந்தில் இருந்த நாய்கள் எழுந்து வேறு சந்துக்குப் போயின. மாப்பிள்ளையின் பெரியப்பா சங்கீதம் தெரிந்தவர். அவர் ஒவ்வொரு கீர்த்தனைக்கும் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, நடுவில் அடிபட்டவர்போல் கண்ணைத் திறந்தார்.

"நாயனமா இது? யாரோ பல்லு வலியில அழுகிற மாதிரி இருக்கு."

விரல் உயர்ந்தது, கெட்டிமேளம். பெரியப்பா மேலும் இரண்டு மூன்று அபிப்பிராயம் சொன்னார். அவையும் தவிலுக்குள் போயின. தெற்கு மாசி வீதிக் கதை எங்கள் ஜனங்களுக்குத் தெரியும் என்பதால் அட்சதையை விரயம் செய்யவில்லை. ஆனால் திருமங்கலத்தாருக்கு அந்தக் கதை தெரியாது. ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றார்கள்.

தாலித் தட்டைச் சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்துக் கொடுத்தாகிவிட்டது. புரோகிதர் தாலியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் தந்துவிட்டு, நல்ல நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன், எதற்கோ, எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார். பந்தலில் ஒரு அமைதி. அந்த அமைதியில் பெரியப்பா அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"வாசிக்கத் தெரியாதவனைக் கூட்டியாந்து வாசிக்கச் சொல்லியிருக்கீரு. பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் பாடம் நடத்துறீரா வாத்தியாரே?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா கையைக் கூப்பி, "தப்புத்தான், மன்னிக்கணும்" என்றார்.

நான் எழுந்தேன். கையை நீட்டி, "கோமதி, எழுந்திரு. இந்தக் கல்யாணம் நமக்கு வேண்டாம்" என்று சொன்னேன். முழுவதும் சொன்னேன், ஒரு சொல்லும் குறைக்காமல். ஆனால் 'கோ' என்ற எழுத்துக்கு அப்புறம் என் குரல் எனக்குக் கேட்கவில்லை.

நான்கு தவிலும் ஒன்றாக விழுந்தன. பந்தல் கால்கள் அதிர்ந்தன. கிணற்று மேட்டில் நின்றது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அத்தைக்கு இரண்டு, மற்ற இரண்டும் யாருக்கு என்பது விளங்கியது.

மாப்பிள்ளை அமைதியான பிள்ளை என்று சொன்னேன். கெட்டிமேளம் கேட்டால் தாலி கட்டவேண்டும் என்று வீட்டில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையிலிருந்து ஒவ்வொரு கெட்டிமேளத்துக்கும் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, இந்த முறை கையில் தாலி இருக்கிறது, கெட்டிமேளமும் கொட்டுகிறது என்று கண்டதும் கட்டிவிட்டான். மூன்றாவது முடிச்சை அவன் தங்கை ஓடிவந்து போட்டாள். புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார், மணவறையைப் பார்த்தார், கடிகாரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினார். அந்தச் சத்தத்தில் அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கடிகாரத்தின்மேல்தான் தப்பு என்று முடிவுசெய்து மந்திரத்தைத் தொடர்ந்தார். பெரியப்பாவும் அவசரமாக அட்சதையை அள்ளித் தூவினார். கை நீட்டி நின்ற என் தலையிலும் நிறைய விழுந்தது.

கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்லி முடித்த நேரமும், கல்யாணம் நடந்து முடிந்த நேரமும் ஒன்று.

பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

அவர் பஞ்சை எடுத்தார். "என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே."

"அதான் நல்லது. பாயசம் வருது, இலையை நகத்துங்க" என்றுவிட்டுப் பஞ்சைச் செருகிக்கொண்டார்.

கோமதியும் அவள் புருஷனும் நன்றாக வாழ்ந்தார்கள். அவள் பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறாள்: "அண்ணே, தாலி கட்டுறப்ப நீ மட்டும் எந்திரிச்சு நின்னு கையை நீட்டி என்னமோ சொன்னியே, என்னது அது?" ஆசீர்வாதம் என்று சொல்லிவைத்தேன். "எல்லாருக்கும் முந்தி எங்கண்ணன்தான் எந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ணுச்சு" என்று அவள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதை நான் பக்கத்தில் இருந்தே கேட்டிருக்கிறேன். மறுத்ததில்லை. போன தையில் அவள் காலமானாள். முதலில் வந்த சம்பந்தத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. இனி இதை எழுதுவதால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் எழுதுகிறேன்.

கோமதி கல்யாணத்துக்குச் சில வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். அதுவும் வைகாசி. சோடாக்கடைக்கு நானே போனேன். அண்ணனுக்கு வயதாகியிருந்தது, தலையில் துண்டும் காதில் பஞ்சும் அப்படியே. விஷயத்தைச் சொன்னேன். அவர் பஞ்சை எடுக்காமலே என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு தவில் போதும் தம்பி."

"வைகாசியாச்சேண்ணே?"

"ஆமா. வெயிலுதான். ரெண்டு போதும்."

பி.ஏ. பட்டத்தைக் கையில் வாங்கியபோதுகூட எனக்கு அப்படிப் பெருமையாக இருந்ததில்லை.

ஆனாலும் முகூர்த்தத்தன்று மணவறையில் உட்கார்ந்திருந்தபோது, முதுகுக்குப் பின்னால் விளக்கெண்ணெய்ப் பஞ்சு வாசனை வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அங்கே இருந்தது எனக்குத் தைரியமாக இருந்தது.